மாரிகாலமும் மார்கழி விடுமுறையும்



புரட்டாதி மாதம் பிறந்துவிட்டது. வெயில் இன்னும் தணிந்தபாடில்லை. கிணறுகளில் நீர் அடிமட்டத்திலே கிடக்கின்றது. தோட்டக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் இவ்வேளையில், மாரிகாலத்துக்குக் குடும்பத்தை ஆயத்தஞ் செய்வது பற்றிப் பேசுவது சற்று முந்திய பேச்சாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால், ஒழுகும் கூரையை மழை நாளிலே மேய இயலாது. பண்டிகைச் செலவுக்குப் பண்டிகைக்கு முதல்நாள் பணஞ் சேர்க்க இயலாது. ஆகவே, பேசுவதற்கு உரிய காலம் இதுவே எனக் கருதி உங்கள் முன் வந்துள்ளேன்.

குளிர்காலம் என்றால், கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினர்க்கு உறைபனியும் கம்பளி உடையும் நினைவுக்கு வரும். நமக்கோ அது மழைக்காலம். யாழ்ப்பாணத்திலே தை மாதத்து விடியற்காலையிற்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. ஆண்டொன்றில் அங்கு பெய்யும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு அது. இந்த மூன்று மாத மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தங்குவதனாலேதான் சித்திரை வெயிலிலும் நாம் நீர் அருந்துகின்றோம். ஆகையால் மாரி நமக்குப் பகையன்று. ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கி வைப்பது நம்மவர் வழக்கமன்றோ?

இதே காலத்திலேதான் கொண்டாட்டங்களும் வரிசையாக வருகின்றன. தீபாவளி, கந்தசட்டி, கார்த்திகை விளக்கீடு, பிள்ளையார் கதை, திருவெம்பாவை, நத்தார், ஆங்கிலப் புத்தாண்டு, ஈற்றிலே தைப்பொங்கல். இடையிலே பாடசாலை விடுமுறை. பிள்ளைகளுக்கு இதனினும் இனிய காலம் ஆண்டில் வேறில்லை. பெற்றோருக்கோ இதனினும் இடரான காலம் வேறில்லை. கடல் கொந்தளிக்கும்போது மீனவர் தொழிலுக்குப் போக முடியாது. மழை நாளிலே மேசனுக்கும் கூலியாளுக்கும் வேலை கிடையாது. வயலில் விதைத்தவர் அறுவடையை எதிர்பார்த்துக் கையிலுள்ளதையெல்லாம் செலவிட்டிருப்பார். வருவாய் மிகக் குறையும் மாதங்களிலேயே செலவு மிகக் கூடுகின்றது. நமது குடும்பங்கள் படும் துன்பத்தில் ஒரு பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மையிலிருந்தே பிறக்கின்றது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு, வீடு, உடல்நலம், பொருள், பொழுது என்னும் நான்கு தலைப்புக்களில் என் கருத்துக்களைக் கூறுகின்றேன்.

முதலாவது வீடு. கூரை ஓடோ, தகரமோ, கிடுகோ, எதுவாயினும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள். பீலியில் அடைந்து கிடக்கும் சருகை அகற்றுங்கள். வீட்டின்மேற் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையையும் பட்டுப்போன தென்னையையும் இப்போதே வெட்டுவியுங்கள். விறகும் பன்னாடையும் நனையாதவாறு உயரத்திலே அடுக்கி வையுங்கள். முற்றத்து வெள்ளம் எவ்வழியே ஓடும் என்பதை அயலாரோடு கூடிப் பேசித் தீர்மானியுங்கள். நம் வளவில் நிரம்பும் நீரை மதிலால் மறித்து அடுத்தவர் வளவுக்குத் திருப்பிவிடுவது, வழக்கு மன்றம் வரை செல்லும் பகைக்கு வித்தாகும்.

கிணற்றைப் பற்றித் தனியே ஒரு சொல். கோடையிலே எட்டாத ஆழத்திற் கிடந்த நீர் மாரியிலே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இருக்கும். தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டே கிடையாது. கல்லகழ்ந்த கிடங்குகளும் கேணிகளும் நீர் நிறைந்து, தரையோடு தரையாய்த் தோன்றும். விடுமுறையிலே பிள்ளைகள் விளையாட நாடும் இடங்களும் இவையே. ஆதலால், எந்த இடத்துக்குப் போகலாம், எந்த இடத்துக்குப் போகலாகாது என்பதை வாயாற் சொல்லி நிறுத்தாது, பிள்ளைகளைக் கூட்டிச் சென்று நேரிலே காட்டிக் கொடுங்கள். ஓடும் வெள்ளம் பெரியவர் முழங்காலளவே இருப்பினும் சிறுவரை இழுத்துச் செல்லும். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவிலே, வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, அதில் ஏறி வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர் சிலர் உயிரிழந்தனர். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தாமதமாக வீடு சேர்ந்தாற் கேடொன்றுமில்லை என்னும் மனவுறுதி பெரியோருக்கு வேண்டும்.

சூறாவளியும் இந்தப் பருவத்துக்கு உரியது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் வடபகுதியைத் தாக்கியதும், 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பை உருக்குலைத்ததும், 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் திருக்கோணமலையிற் கரைதட்டியதும், 2008ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியதும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நாடெங்கும் பல நூறு உயிர்களைக் கொண்டதும் நாமறிந்த செய்திகள். இந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், எல்லாம் இரண்டு மாத எல்லைக்குள்ளேயே அடங்குவதைக் காண்பீர்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை நாள்தோறும் கேளுங்கள். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை அறிக்கைகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஒரே இடத்தில் வையுங்கள். அதனோடு ஒரு டோர்ச் விளக்கு, தீப்பெட்டி, அவசிய மருந்துகள், இரண்டொரு மாற்றுடைகள் இருக்கட்டும். மின்சாரம் தடைப்படுமுன் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றிக் கொள்ளுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தையும், நோயாளர் காவு வண்டிக்குரிய 1990 என்னும் இலக்கத்தையும் சுவரிலே எழுதி ஒட்டுங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை கையாலேயே அதனை எழுதுவித்தால், அந்தப் பிள்ளை ஒருபோதும் மறக்கமாட்டாது.

மலையகத்து நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வெள்ளத்தினும் மண்சரிவே பெரிய அச்சம். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புத் தோன்றினாலும், நின்ற மரம் சாய்ந்தாலும், தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்கினாலும், பொருள்களைப் பார்த்துக்கொண்டு நில்லாது பிள்ளைகளுடன் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் சிவப்பு எச்சரிக்கை, வெளியேறு என்பதற்கு மறுபெயர். மேலும், நுவரெலியா போன்ற இடங்களிற் குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துவிட்டு உறங்குவது கொடிய செயல். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும்.

இரண்டாவது உடல்நலம். மாரிகாலத்து நோய்களில் முதலிடம் டெங்குக் காய்ச்சலுக்கு. வடக்கிலே மார்கழியிலும் தையிலும் அது தலைவிரித்தாடும். டெங்கு நுளம்பு சாக்கடையிற் பிறப்பதன்று. சிரட்டையிலும், தயிர்ச் சட்டியிலும், பழைய ரயரிலும், பூச்சாடித் தட்டிலும் தேங்கும் தெளிந்த நீரிலே பிறப்பது. முட்டை நுளம்பாகப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். ஆகவே வாரத்தில் ஒருநாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம், அரைமணி நேரம் குடும்பம் முழுவதும் வளவைச் சுற்றி வந்து தேங்கிய நீரைக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பிள்ளைகளுக்கு இதுவொரு வேட்டையாகவே தோன்றும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரொஃபென் போன்ற மருந்துகளைக் கொடுத்தலாகாது. அவை குருதிப் பெருக்குக்கு ஏதுவாகும். இரண்டு நாளிற் காய்ச்சல் தணியாவிடின் மூன்றாம் நாள் வைத்தியரிடம் சென்று குருதிப் பரிசோதனை செய்வியுங்கள். காய்ச்சல் விட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று மகிழும் அந்த நேரமே டெங்கில் ஆபத்தான நேரமாதல் கூடும். காய்ச்சல் தணிந்த பின்னர் கைகால் குளிர்தல், வயிற்றுநோ, ஓயாத சத்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்தது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் வயற்சேற்றிலும் நடப்போரின் காலிலுள்ள சிறு காயத்தின் வழியே கிருமி உடலினுள்ளே செல்லும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்நோய் பரவி உயிர்களைக் காவுகொண்டது. வயலில் இறங்குவோர் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே தடுப்பு மருந்து பெற்றுக்கொள்ளலாம். பிள்ளைகள் வெள்ளத்தில் வெறுங்காலோடு விளையாடுவதைத் தடுத்துவிடுங்கள். குடிநீரோ, வெள்ளம் வடியும்வரை கொதித்தாறிய நீராகவே இருக்கட்டும். மலசலகூடக் குழியும் கிணறும் அருகருகே அமைந்த வளவுகளிலே இது மிக இன்றியமையாதது. வெள்ளம் புகுந்த கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்டுத் துப்புரவாக்கிய பின்னரே பயன்படுத்துங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஒரு லீற்றர் நீரில் ஒரு பொதி ஜீவனியைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள்.

தடிமலுக்கும் இருமலுக்கும் நம் பாட்டிமார் தந்த மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்த குடிநீர் இதமளிக்கும். மிளகுரசமும், முருங்கையிலையும் மரவள்ளியும் இட்ட ஒடியற்கூழும் மழை நாளுக்கேற்ற உணவுகள். ஆயினும் மூச்சிழைப்புக்கும் கடுங்காய்ச்சலுக்கும் குடிநீர் மருந்தாகாது. அதற்கு வைத்தியரே வேண்டும்.

மூன்றாவதாகப் பொருளைப் பற்றிக் கூறப்போகின்றேன். இதுவே என் பேச்சின் நடுநாயகம்.

பல ஆண்டுகளுக்கு முன் கரையோரப் பாடசாலையொன்றில் நான் கற்பித்துக்கொண்டிருந்தபோது, புத்தாண்டு விடுமுறைக்குப் பின் பாடசாலை தொடங்கிய முதல் வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு இடாப்பிலே ஒரு மாணவனின் பெயருக்கு எதிரே நாள்தோறும் வரவின்மைக் குறியே விழுந்தது. கணிதத்திலே கெட்டிக்காரன். வீட்டுக்குச் சென்று விசாரித்தோம். நத்தார் உடுப்புக்கும் விருந்துக்குமாகத் தாயார் தம் ஒரே சங்கிலியை அடகு வைத்திருந்தார். கடல் அவ்வாண்டு நெடுநாள் கொந்தளித்தமையால் தகப்பனாருக்கு உழைப்பில்லை. வட்டி ஏறியது. விடுமுறையில் நகரத்துக் கடையொன்றிற் பண்டிகைக்கால வேலைக்குப் போன மகன், சங்கிலியை மீட்கும்வரை அங்கேயே நிற்கட்டும் என்று விடப்பட்டான். “சேர், பிள்ளையள் நல்ல உடுப்பு உடுத்தவேணும் எண்டுதானே செய்தனான்,” என்று அந்தத் தாய் சொன்னார். அவர் சொன்னது உண்மை. பிள்ளையின்மேல் வைத்த அன்பினாலேதான் அவர் கடன்பட்டார். அந்தக் கடனுக்கு ஈடாகச் சென்றது அதே பிள்ளையின் படிப்பு. ஆசிரியர்கள் பலமுறை சென்று பேசியபின் அவன் திரும்பி வந்தான். ஆயினும், தவறிய ஒரு தவணையை ஈடுசெய்ய அவனுக்கு ஓராண்டு பிடித்தது. திரும்பி வராத பிள்ளைகளையும் நான் அறிவேன்.

இந்நாட்டிலே 2016ஆம் ஆண்டு தொடக்கம் கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. சட்டம் இருக்கின்றது. ஆயினும், அடகுக்கடைச் சீட்டின் முன்னே சட்டம் வலுவிழந்து போவதை அதிபர் என்ற முறையில் ஆண்டுதோறும் காண்கின்றேன். அடகோடு இப்போது வாசல்தேடி வரும் நுண்கடனும் சேர்ந்துகொண்டது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெற்று, வாரந்தோறும் தவணைக்காரரைக் கண்டு அஞ்சி ஒளியும் தாய்மார் நம் கிராமங்களில் எத்தனை பேர்!

இதற்கு மாற்று என்ன? புரட்டாதி நடுவிலிருந்து தைப்பொங்கல் வரை ஏறத்தாழ 15 வாரங்கள் உள்ளன. வாரத்துக்கு 500 ரூபா எடுத்து வைத்தால், பொங்கலுக்கு முன் 7,500 ரூபா கையிலிருக்கும். 500 இயலாதவர் 200 வையுங்கள். 3,000 ரூபா சேரும். அது பெருந்தொகையன்று, ஆயினும் வட்டியில்லாத தொகை. உழைப்புள்ள இந்த மாதங்களிலேயே உழைப்பில்லாத மாதங்களுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் ஆகியவற்றிற் சிறிது சிறிதாக வாங்கி வையுங்கள். வெயிலுள்ளபோதே மோர்மிளகாயும் வடகமும் கருவாடும் உலர்த்திக் கொள்ளுங்கள். நம் முன்னோர் புழுக்கொடியலைப் பெட்டி பெட்டியாக உலர்த்தி வைத்ததும் இந்தக் கணக்கை அறிந்தமையாலேதான்.

எல்லாப் பண்டிகைக்கும் புத்தாடை வேண்டும் என்பதில்லை. சைவக் குடும்பமாயின் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒன்றையும், கிறிஸ்தவக் குடும்பமாயின் நத்தாருக்கொன்றையும் தெரிந்துகொள்ளலாம். இத்தீர்மானத்தைப் பிள்ளைகளை இருத்தி, அவர்களோடு பேசியே எடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் குடும்பத்தின் வரவு செலவு விளங்கும். விளக்கஞ் சொல்லாது மறுக்கும்போதுதான் பிள்ளை ஏங்குகின்றது. காரணஞ் சொல்லிப் பங்கு கேட்டால், தன் உண்டியலைத் தானே கொண்டுவந்து தருகின்றது.

விடுமுறைக்கு வெளிநாடுகளிலிருந்து உறவினர் வருவார்கள். மகிழ்ச்சியோடு வரவேற்போம். அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஒரு வீட்டுப் பிள்ளைக்கு விலையுயர்ந்த கைத்தொலைபேசியும் மற்றொரு வீட்டுப் பிள்ளைக்கு இனிப்புப் பொதியும் கொடுத்துச் சென்றால், நீங்கள் விமானம் ஏறிய பின்னும் அந்தக் காயம் இங்கே ஆறாது. பெற்றோரைக் கேட்டுக் கொடுங்கள். புத்தகம், துவிச்சக்கர வண்டி, மழையங்கி, ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பேருந்துச் செலவு என நெடுநாட் பயன்தரும் பரிசுகள் பலவுண்டு.

நான்காவது பொழுது. விடுமுறை தொடங்கியதும் சில பெற்றோர் பிள்ளைகளைக் காலை முதல் மாலை வரை தனியார் வகுப்புக்களுக்கு அனுப்பிவிடுகின்றனர். வேறு சிலர் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கின்றனர். இரண்டும் பிள்ளையிடமிருந்து விடுமுறையைப் பறிப்பனவே. விடுமுறை என்பது வீட்டைக் கற்கும் காலம். திருவெம்பாவை நாட்களிலே வைகறையில் எழுந்து, குளிரிலே நீராடிக் கோயிலுக்குச் செல்வது ஒரு பயிற்சி. நத்தார்க் குடில் கட்டுவது மற்றொரு பயிற்சி. பனங்கிழங்குப் பாத்தி கிண்டுவதும், பொங்கலுக்குக் கோலம் போடப் பழகுவதும், பாட்டியிடம் ஊர்க்கதை கேட்டு எழுதி வைப்பதும் எந்த வகுப்பிலும் கிடையாத பாடங்கள்.

மழையையே பாடமாக்கலாம். பக்கங்கள் நேராகவுள்ள ஒரு வெற்றுப் பேணியை முற்றத்திலே, மரநிழல் விழாத இடத்தில் வையுங்கள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு, உள்ளே நின்ற நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து, மில்லிமீற்றரிற் குறித்து, நீரை ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அதே நேரத்திலேதான் அளக்கின்றது. வானொலியில் வரும் அளவோடு தன் அளவை ஒப்பிடும் பிள்ளை, விஞ்ஞானம் என்பது புத்தகத்துக்கு வெளியேயும் உண்டென்பதைக் கண்டுகொள்ளும். நுளம்பு வளரும் என்று அஞ்ச வேண்டாம், நாள்தோறும் ஊற்றிவிடுகின்றோமல்லவா?

நிறைவாக, நம் வேலிக்கு அப்பாலும் சற்றுப் பார்ப்போம். போரிலே கணவனை இழந்த பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல. கூரை மேய ஓர் ஆண்துணையும் அங்கிராது. உங்கள் கூரையைப் பார்க்க வரும் வேலையாளை ஒருமணி நேரம் அவ்வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள். பொங்கற் பானைக்கு அரிசி அளக்கும்போது ஒரு சுண்டு கூட்டி அளவுங்கள். அதனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். ஆனால் பெறுபவர் நாணாதவண்ணம் கொடுக்கும் முறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

நேயர்களே, புது ஆண்டிற் பாடசாலைக் கதவு திறக்கும் நாளில், நாங்கள் ஆசிரியர்கள் இடாப்பைக் கையிலேந்தி ஒவ்வொரு பெயராக அழைப்போம். விடுமுறையில் யார் எந்த உடுப்பு உடுத்தினர், எந்த வீட்டிற் பலகாரம் எத்தனை வகை என்பவற்றை எவரும் கேட்கப் போவதில்லை. அழைக்கும் ஒவ்வொரு பெயருக்கும் “வந்தேன் சேர்” என்னும் குரல் எழவேண்டும். அது ஒன்றே எங்கள் விருப்பம். அக்குரல் குறைவின்றி எழுவதற்கான வேலையை, வெயில் எறிக்கும் இன்றைக்கே தொடங்குவீர்களென நம்புகின்றேன்.